ஏழாம் கம்பத்தின் அளவு

மூன்று நாளாகப் பனி விழவில்லை. காற்றும் வீசவில்லை. ஆனாலும் ஏழாம் கம்பத்தில் பனி ஏறியிருந்தது.

கனிம்குல் பைனாகுலரைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சரிவில் கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு. விழுந்த பனி தன் எடையிலேயே நாளுக்கு நாள் அமுங்கும், எண்கள் இறங்கும். பதினொரு கம்பங்களில் இறங்கித்தான் இருந்தன. ஏழாவதில் மட்டும் முந்தாநாள் நூற்று அறுபது, நேற்று நூற்று எழுபத்தைந்து, இன்று நூற்றுத் தொண்ணூறு. அடியிலிருந்து ஏதாவது தள்ளினால் ஒழியப் பனி தானாக மேலே வராது. இந்தக் கணவாயில் பதினான்கு குளிர்காலம் பனியை அளந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கண்ணாடி போடுற வயசு வந்திருச்சு தங்கச்சி," என்றார் தொலோகோன், பூட்ஸுக்குள் காலைத் திணித்தபடி. அந்தப் பனி அளவு நிலையத்தில் அவர்கள் இருவர்தான். அவளைவிட அவர் பத்தொன்பது வயது மூத்தவர்.

"நீங்களே பாருங்க அண்ணே."

பார்த்தார். மீசைக்குள் இருந்த சிரிப்பு போய்விட்டது. "குழி தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டு மணிக்கு ஆபீசுலருந்து கேப்பாங்க, கணவாய்ப் பாதையைத் திறக்கலாமான்னு. பனி தானா வளருதுன்னு சொன்னேன்னு வை, ரெண்டு பேரையும் மூளை டாக்டர்கிட்ட அனுப்பிருவாங்க."

"இன்னைக்கு வேண்டாமே. மூடுபனி இறங்குது."

"அந்த ஏழுங்கறதாலயா?"

போன பிப்ரவரியில் எமில்பெக் என்கிற பையனை, அவர்களோடு வேலை பார்த்தவனை, ஏழாம் கம்பத்தடியில்தான் பனிச்சரிவு மூடியது. தேடினார்கள். கோடையில் சரிவு முழுக்க உருகிப் புல் முளைத்த பிறகும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

தொலோகோன் கல்லாய்க் காய்ந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டார். நாலைந்தைப் பைக்குள் திணித்தார். "நான் வர்றப்ப டீ கொதிச்சுட்டு இருக்கணும். பால் இல்லாம குடுத்தே, கீழ தலாஸ் டவுனுக்கு நடந்தே போயிருவேன், ஆமா."

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

இங்கே முறை ஒன்று உண்டு. ஒருவர் சரிவில் இருக்கும்போது மற்றவர் வாசலில் நிற்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. மேலே இருப்பவர் குழியின் ஆழம், அங்கே பனியின் வெப்பம், அதன் பதம் என்று ரேடியோவில் சொல்லும் ஒவ்வொரு அளவையும் கீழே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை மேலே இருப்பவர் அடுத்ததற்குப் போகமாட்டார். குழிக்குள் அசையாமல் காத்திருப்பார். அன்று எமில்பெக் கடைசியாகச் சொன்ன எண் தொண்ணூறு. உள்ளே கெட்டில் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டு, அதை இறக்கிவைக்க அவள் உள்ளே போனாள். அவ்வளவுதான். திரும்பி வந்தபோது சரிவில் அவன் இல்லை. ‘கண்ணை எடுக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தொலோகோனுக்கும் அது தெரியாது.

வானமும் சரிவும் ஒரே வெள்ளையாய்க் கலந்து, மேடு பள்ளமோ நிழலோ இல்லாத அந்த வெளிச்சத்தில் தொலோகோனின் சிவப்புச் சட்டை, பனிச்சறுக்குக் கட்டைகளின் சரசரப்போடு ஒன்றாம் கம்பம், இரண்டாம் கம்பம் என்று ஏறி, ஐந்தாம் கம்பத்துக்கு அப்பால் மூடுபனிக்குள் கரைந்தது. நிலக்கரிப் புகையின் நெடி தொண்டையில் ஒட்டியது. கால் மாற்றி நின்றாள். கையுறையின் பிரிந்த நூலை இழுத்தாள், சுற்றினாள், மறுபடி இழுத்தாள். இடது கையில் இருந்த ரேடியோ அவ்வப்போது கரகரத்தது.

"பத்து. மைனஸ் பதினாறு. மாவு மாதிரி." பல்லில் தயிர் உருண்டை இடறும் சத்தம், டக், டக்.

"பத்து. மைனஸ் பதினாறு. மாவு."

இருபது. முப்பது. நாற்பது. ஆழம் போகப் போகக் குளிர் குறைந்துகொண்டே வந்தது. அது சரிதான், பனி என்பது நிலத்துக்குப் போர்த்திய கம்பளி. தரையை ஒட்டிய இடத்தில்தான் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும், அதற்கு மேல் ஒரு நூல் ஏறினாலும் பனி தண்ணீராகிவிடும். அந்த அடி அடுக்கில் மணிகள் சீனியாய் உதிர்ந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். முழுச் சரிவும் அந்தச் சீனியின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வழுக்குவதும் அங்கேதான்.

"நூத்தி எண்பது. மைனஸ் ஒண்ணு. சீனி. கையில நிக்கல, வழியுது."

அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

"நூத்தித் தொண்ணூறு. பூஜ்யம்."

கம்பத்தின் அளவு அதுதான். இனி மண். "நூத்தித் தொண்ணூறு, பூஜ்யம். தரை வந்திருச்சா அண்ணே?"

"இருநூறு. பிளஸ் நாலு."

பென்சில் நின்றது.

"விளையாடாதீங்க. மேல வாங்க."

"இருநூறு. பிளஸ் நாலு."

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். காத்திருந்தது. மண்வெட்டி உரசவில்லை, மூச்சு வாங்கவில்லை. தயிர் உருண்டையின் சத்தமும் இல்லை. அது எப்போது நின்றது? நூற்று இருபதிலா? எழுபதிலா?

திருப்பிச் சொன்னால் இன்னும் கீழே போவார். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்பார். போன முறை சொல்லாமல்தான் ஒருவன் போனான்.

"இருநூறு," என்றாள். "பிளஸ் நாலு."

"இருநூத்திப் பத்து. பதினொண்ணு."

சொன்னாள்.

"இருநூத்தி இருபது. இருபது."

சொன்னாள்.

"இருநூத்தி முப்பது. முப்பத்தாறு புள்ளி ஆறு."

அது பனியின் வெப்பம் இல்லை. மண்ணின் வெப்பமும் இல்லை. காய்ச்சல் பார்க்கிற கருவியில் தினம் பார்க்கிற எண்.

"கதகதப்பா இருக்குக்கா."

தொலோகோன் ஒருநாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

மூடுபனி விலகியது. பைனாகுலரைத் தூக்கினாள். சறுக்குக் கட்டைகளின் இரண்டு கோடுகள் ஏழாம் கம்பம்வரை போயிருந்தன. திரும்பி வரவில்லை. மண்வெட்டி ஓரமாய்க் குத்தியிருந்தது. குழி இல்லை. கீறல்கூட விழாத வழவழப்பான பனி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பத்தின் ஒரு சிவப்புக் கோடு பனிக்குள் மறைந்தது.

பின்னால் கெட்டிலின் மூடி தடதடத்தது.

"தொண்ணூறு," என்றது ரேடியோ.

"தொண்ணூறு. சொல்லுக்கா."

"எமில்… அவரை விட்டுருடா."

"தொண்ணூறு."

தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. சுர்ரென்ற சத்தம். கழுத்து தானாகத் திரும்பப் போனது. அவள் திரும்பவில்லை.

"தொண்ணூறு!" கத்தினாள். "நான் உள்ள போனேன். கெட்டிலை இறக்கப் போனேன். பொய் எழுதிட்டேன். தொண்ணூறு. தொண்ணூறுடா."

சரிவின் அடியில் எங்கோ ‘ஹூம்’ என்று ஒன்று இறங்கியது. காதைவிடப் பாதத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏழாம் கம்பத்தின் பனி அமுங்கியது. நூற்று எண்பது. நூற்று எழுபது. நூற்று ஐம்பத்தைந்து. சுற்றியுள்ள பனியோடு சமமாகி நின்றது. பனி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

அவளுக்கு அழுகை முட்டியது.

ரேடியோ கரகரத்தது. டக். டக். பல்லில் தயிர் உருண்டை.

"அண்ணே! எங்க இருக்கீங்க?"

"பத்து. மைனஸ் பதினாறு. மாவு மாதிரி."

"மேல வந்துட்டீங்களா? கையைத் தூக்குங்க, பாக்கறேன்."

"பத்து. மைனஸ் பதினாறு. திருப்பிச் சொல்லு தங்கச்சி."

ஏழில் யாரும் இல்லை. ஆறில் இல்லை. கண்ணை மெல்ல மேலே நகர்த்தினாள். எட்டாம் கம்பத்தின் அடியில் பனி ஒரு கோடு உயர்ந்தது. உயர்ந்து, நின்றது. காத்திருந்தது.

உள்ளே சுவரில் இருந்த பெரிய ரேடியோ அலறியது. இரண்டு மணி. பாதையைத் திறக்கலாமா, நிலையம், பாதையைத் திறக்கலாமா. கெட்டிலில் தண்ணீர் தீர்ந்து, வெறும் இரும்பு கருகும் நாற்றம் வாசலுக்கு வந்தது. இமையில் பனி கட்டியது. அவள் இமைக்கவில்லை.

"பத்து," என்றாள். "மைனஸ் பதினாறு."

எட்டாம் கம்பத்தில் இன்னொரு கோடு மறைந்தது.