சட்டை போட்ட காய்கள்

எலோய்சா வீட்டு மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்கப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்த மெக்சிகோ மலையூரில் கூலி கிடையாது. இன்று அவர்கள் இங்கே, நாளை இவர்கள் அங்கே. ஆனால் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். அதில் குறை வைத்தால் அடுத்த களைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ரொட்டி தட்டி முடித்த அம்மா, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். தம்பிப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாளாக அவள் கண்ணை மூடவே இல்லை.

தண்ணீர் சுமந்த எலோய்சாவுக்கும் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. உறை மூடிய பச்சைத் தக்காளியில் அரைக்கும் சட்னி வேறு பாக்கி.

"அக்கா! கூடை ரொம்பிடுச்சு!" என்று ஓடிவந்தாள் மிர்த்தா. நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தி மகள்.

எலோய்சா குனிந்து பார்த்தாள். உறைக்குள் காய்ப்பவை எத்தனை உண்டோ அத்தனையும் கூடையில் கிடந்தன.

"மெதுவாப் பேசு, அம்மா தூங்குறாங்க. என்னடி இதெல்லாம்?"

"சட்டை போட்ட காயாப் பறின்னு நீதானே சொன்னே?"

உண்மைதான். அலுப்பில் மீதியைச் சொல்லாமல் விட்டிருந்தாள். மிர்த்தாவின் கையெல்லாம் கீறல். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை, அம்மாவை எழுப்பவும் மனம் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான். வா, பிரிப்போம். அமுக்கிப் பாரு. சட்டை இறுக்கமா, கிழியப்போற மாதிரி இருக்கா? காய் பிசுபிசுன்னு ஒட்டுதா? அதுதான் சட்னிக்கு."

"எங்கப்பா சட்டை மாதிரியா?"

எலோய்சாவுக்குக் களைப்பிலும் சிரிப்பு வந்தது.

"இது தொளதொளன்னு இருக்கே?"

"அது சொடக்குத் தக்காளி. மஞ்சளாப் பழுத்துத் தானா விழுந்தா இனிக்கும். பச்சையாத் தின்னா வயித்தக் கலக்கிடும்."

"இந்த அஞ்சு மூலை சட்டை?"

எலோய்சா பிரித்துக் காட்டினாள். உள்ளே பழுப்பாக, வறண்ட காய்.

"இது எதுக்கும் ஆகாது. தூக்கிப் போடு."

கூடையில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. மிர்த்தாவின் உதடு பிதுங்கியது.

"அழாதே. இன்னொரு நடை போவோம்."

கால் வலிக்க வலிக்க இருவரும் மறுபடி போனார்கள். இந்த முறை மிர்த்தா ஒவ்வொரு காயையும் அமுக்கிப் பார்த்தே பறித்தாள். வந்து வேகவைத்து, மிளகாய் சேர்த்து, கல் உரலில் மாறி மாறி அரைத்தார்கள்.

அம்மா திடுக்கிட்டு விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. "ஐயோ, சட்னி!" என்று வாசலுக்கு ஓடினாள்.

"பிதெலா!" களையெடுக்க வந்த அம்புரோசியோ பெரியவர் கொல்லையின் கடைசி வரிசையிலிருந்து அம்மாவைப் பேர் சொல்லிக் கத்தினார். "சட்னி பிரமாதம்! மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த களைக்கும் வந்துடுவோம்!"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கழுவாத உரலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, பச்சை அப்பிய கைகளோடு சுருண்டு கிடந்தார்கள்.

அம்மா கொல்லையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா, பெரியவரே! சமையல்காரங்க தூங்குறாங்க."