கேப்டனுக்கு ஒரு மேடை

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் இருந்தவர்களெல்லாம் ஒதுங்க ஓடினார்கள். பெலிண்டா மட்டும் கடைசிப் படியில், ஒரு பிளாஸ்டிக் வாளியை அணைத்தபடி நின்றாள். வாளிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை…

"அதை ஆத்துல விட்டுடாதீங்க."

திரும்பினாள். கையில் குடை இருந்தும் விரிக்காமல், நனைந்துகொண்டே இறங்கி வந்தான் ஒருவன்.

"ஆமையை ஆத்துல விடாம மொட்டை மாடியிலயா விடுவாங்க?" என்றாள் எரிச்சலாக.

"இது காவேரி ஆமை இல்லைங்க. காதுகிட்ட சிவப்புக் கோடு பாருங்க… கடல் தாண்டி வந்த ஜாதி. பிழைச்சா இங்க இருக்கிற ஆமையோட சாப்பாட்டைப் பிடுங்கும். ஆனா இது இருக்கிற நிலைமைக்குப் பிழைக்காது." வாளிக்குள் கைவிட்டு ஆமையின் முதுகோட்டை விரலால் மெல்ல அழுத்தினான். அமுங்கியது. "ஏறி உட்கார மேடை வச்சிருக்கீங்களா?"

"தண்ணியில வாழுறதுக்கு மேடை எதுக்கு?"

அவன் மழையை மறந்துவிட்டு விளக்க ஆரம்பித்தான். ஆமை உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். சூடு ஏறினால்தான் தின்றது செரிக்கும். ஓடு முழுசாகக் காய்ந்தால்தான் அழுகாது. வெயிலின் ஒளி பட்டால்தான் கெட்டிப்படும். ஏறி உட்கார இடமில்லாத ஆமை நீந்தி நீந்தியே ஓய்ந்துபோகும்.

"வளர்த்தவருக்கு இதுகூடத் தெரியாதா?" என்று முடித்தான்.

"வளர்த்தவர் இல்ல," என்றாள் பெலிண்டா. "ரெண்டு வருஷமாச்சு."

அவளுடைய அகன்ற கண்களில் நிறைந்தது மழைநீர் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடையை விரித்தான். அவளுக்குப் பிடிக்கத் தயங்கி, வாளிக்குப் பிடித்தான்.

அவன் பெயர் ரெஜிஸ். ஸ்ரீரங்கத்தில் ஒரு பேங்கில் வேலை. அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், ஆமைக்கு மேடை செய்து தர, காட்டூரில் பெலிண்டாவின் வீட்டுக்கு வந்தான். அவள் கணவன் பிராங்க்ளின் சாலை விபத்தில் போன பிறகு அந்த வீட்டில் அவளும் மாமியார் லூர்துராணியும் மட்டும்தான். பிராங்க்ளின் கல்யாண நாளுக்கு வாங்கி வந்து, 'கேப்டன்' என்று பெயர் வைத்த ஆமை அது. நாளுக்கு நாள் அது மெலிவதைப் பார்க்கச் சகிக்காமல் லூர்துராணிதான் ஆற்றில் விடச் சொல்லியிருந்தாள். கணவன் விட்டுப்போன ஒரே உயிர்… 'இதுவும் என் கையில செத்துட்டா?' அதற்கு மேல் பெலிண்டாவால் நினைக்க முடியவில்லை.

ரெஜிஸ் பிளாஸ்டிக் பைப்பை அறுத்து நான்கு கால் செய்தான். மேலே வலை, வலைமேல் சொரசொரப்பான கால்மிதித் துண்டு. ஒரு பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் சரிவு. தொட்டிக்கு மேலே சூட்டுக்கு ஒரு பல்பு, ஒளிக்கு இன்னொரு விளக்கு. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்டாள். கண்ணாடி சூட்டை விடும், ஓட்டுக்கு வேண்டிய புற ஊதா ஒளியை விடாது என்றான்.

அடிக்கடி அவள் முகத்தைப் பார்த்ததில் ஒன்றை மறந்துவிட்டான். முனைகளை மூடிய பைப்பில் துளை போட வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் அது அமரும். தொட்டிக்குள் வைத்ததும் மேடை மெல்ல எழுந்து, சாய்ந்து, கேப்டனின் தலைமேல் கவிழ்ந்தது.

"கேப்டனுக்குக் கப்பலே கட்டிட்டீங்க போல," என்ற பெலிண்டா, தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. உள்ளறையிலிருந்து லூர்துராணி வந்து நின்றாள். சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

"துளை போட்டு வச்சிட்டுப் போங்க தம்பி. இனிமே நீங்க வர வேணாம்."

அவன் அப்படியே செய்தான்.

வாரங்கள் கடந்தும் கேப்டன் மேடையில் ஏறவே இல்லை. லூர்துராணி நாற்காலியைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டு, ஜெபமாலையை உருட்டியபடி நாளெல்லாம் அதையே பார்த்திருந்தாள். ஏறு ராசா, ஏறு என்று கெஞ்சினாள். கடைசியில் பெலிண்டா தயங்கித் தயங்கி ரெஜிஸுக்குப் போன் செய்தாள். கிட்டே ஆள் இருந்தால் அது ஏறாது என்றான். மேலே வந்தால் பருந்து தூக்கிவிடும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே உண்டு. நிழல் அசைந்தாலே குதித்துவிடும். தள்ளி உட்காருங்க, அசையாதீங்க… அவ்வளவுதான் சொன்னான். நலம்கூட விசாரிக்காமல் வைத்துவிட்டான்.

மாமியாரும் மருமகளும் கூடத்தின் மறுகோடியில் சிலையாக உட்கார்ந்தார்கள். நெடுநேரம் கழித்து ஒரு நகம் சரிவைப் பற்றியது. கேப்டன் ஏறியது. கழுத்தை நீட்டி, பின்கால்களைப் பறப்பதுபோல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டது.

"நான்தான் பக்கத்துலயே உட்கார்ந்து ஏற விடாம வச்சிருந்தேனா…" லூர்துராணியின் குரல் உடைந்தது. கேப்டனிடமிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "அந்தத் தம்பியை வரச் சொல்லும்மா. வந்து பார்க்கட்டும்."

அந்த ஞாயிறு ரெஜிஸ் வந்தான். காபி போடப் போன லூர்துராணி சமையற்கட்டிலிருந்து திரும்பவில்லை. கேப்டன் மேடையில் இருந்தது. இவர்கள் இருவரும் மறுகோடியில், அசையாமல்.

"ஆமைக்காக வந்தேன்னு சொன்னது பாதிதாங்க…" கிசுகிசுத்தான். "மீதி உங்களுக்காக."

"என்னால அவரை மறக்க முடியாதுங்க."

"மறக்கச் சொல்லலைங்க. நான் மேடை செஞ்சதே அவரோட ஆமைக்குத்தானே."

வெளியே மழை தொடங்கியிருந்தது. பெலிண்டா தொட்டியையே பார்த்தபடி பேசினாள். "நீங்க வராத ஞாயித்துக்கிழமை எல்லாம் வாசலையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் அவர் படத்தைப் பார்த்து அழுதேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க… அதுதான் வலிக்குது."

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் கேப்டன் குதித்துவிடும். அவனும் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான். கண்ணீர் தானாகக் காயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.