மேஸ்திரி வாயை மூடிய அந்தி

சாயங்காலம் ஆறு மணிக்கு நாய் குரைக்க ஆரம்பித்தது. அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. குடிவந்த நாளிலிருந்து நாற்பது நாளாக ஆறு மணியானால் குரைக்கிற நாய்தான். ஆனால் இத்தனை நாளும் தெருமுக்கைப் பார்த்துக் குரைத்த சனியன், இன்றைக்கு அதற்கும் இந்தப் பக்கம் இருக்கிற வேப்பமரத்தடியைப் பார்த்துக் குரைத்தது. மரத்தடியில் ஆளில்லை, ஆடில்லை, ஒரு காக்கைகூட இல்லை.

"குலைச்சுத் தொலை," என்று முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து கத்தினாள். "உன் தொண்டையில புத்து வைக்க."

மூணு குரைப்பு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூணு. கடிக்கப்போகிற நாயின் உறுமலோ, பயந்த நாயின் ஊளையோ கிடையாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் வா என்று யாரையோ அதட்டுகிற மாதிரி ஒரு குரைப்பு. ஏழு மணிவரைக்கும் விடாது. அம்மியில் அரைத்தாலும் கேட்கும், தலையில் தண்ணீரை ஊற்றினாலும் கேட்கும். நாற்பது நாளில் அவளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு தனியாகத் துடிக்கப் பழகியிருந்தது.

கறுப்பும் வெள்ளையுமாக, கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று ரோமத்தோடு பார்க்க லட்சணமான நாய்தான். ஆடு மேய்க்கவென்றே வெளிநாட்டில் வளர்க்கிற ஜாதியாம். நாரணாபுரத்து வெடிக் கம்பெனி முதலாளியின் மகன் பெங்களூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்தவன், ரெண்டு மாசத்தில் சலித்துப்போய்க் கம்பெனியிலேயே விட்டுவிட்டான். அங்கே ஆட்டுக்கு எங்கே போக? வேலைக்கு வருகிற பொம்பளைகளை மேய்க்க ஆரம்பித்தது அது. காலையில் வேனிலிருந்து இறங்குகிறவர்களை வளைத்து, குதிகாலை மூக்கால் முட்டி ரூம் ரூமாகக் கொண்டுபோய் அடைக்கும். சாயங்காலம் அத்தனை பேரையும் திரட்டி வேனுக்கு ஓட்டிவரும். ஒருத்தி குறைந்தாலும் வேனை எடுக்கவிடாமல் குரைக்கும். அதனால்தான் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள்.

அந்தக் கம்பெனிக்குப் போர்மேன் முத்துப்பேச்சியின் புருசன் சண்முகவேல். நாய் வந்தபிறகு எனக்குப் பாதி வேலை மிச்சம் என்று சிரிப்பான். சீசன் நெருக்கத்தில் ஆர்டர் குவியும்போது, நாலு பேருக்கு மேல் கூடாது என்று போர்டு தொங்குகிற ரூமுக்குள் அஞ்சாவது ஆளை அவன் உட்கார வைப்பதுண்டு. "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க தாயி, இன்னொரு ஆளு உக்காரலாம்," என்பான். அதை வீட்டில் வந்து வேடிக்கையாகச் சொல்லவும் செய்வான்.

ஆடி மாசம் அந்த ரூம்களில் ஒன்று வெடித்தது. செத்தது ஏழு பேர். ரூமுக்குள் இருந்தவர்கள் நாலு, வெளியே மருந்துத் தட்டு சுமந்து போனவர்கள் மூணு என்று ஆபீசர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். சண்முகவேல் சட்டிபானையை லோடு ஆட்டோவில் ஏற்றி, விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆட்டோவுக்குப் பின்னாலேயே அத்தனை மைலும் ஓடி, அன்றைக்குச் சாயங்காலம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது மேஸ்திரி. அவன் அதை விரட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. அதன் மூஞ்சியைப் பார்க்காமல் உள்ளே போனான்.

பாவம் பார்த்தது முத்துப்பேச்சிதான். அந்தப் பாவத்தை இப்போது படுகிறாள். கறிச்சோறு வைத்துப் பார்த்தாள், தின்றுவிட்டுக் குரைத்தது. கட்டிப்போட்டாள், கயிற்றைக் கடித்துவிட்டு வந்து குரைத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர், இந்த ஜாதிக்கு ஓட இடமும் வேலையும் வேணும், இல்லாவிட்டால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். என்ன வேலை கொடுக்கச் சொல்கிறார்? பாத்திரம் விளக்கவா? புருசனிடம் சொல்லி, மண்டி வேனில் ஏற்றி மல்லாங்கிணறு தாண்டி இறக்கிவிட வைத்தாள். மறுநாள் ஆறு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போது, கால் நகமெல்லாம் தேய்ந்து ரத்தமாகத் திரும்பி வந்து, தெருமுக்கைப் பார்த்து உட்கார்ந்து குரைத்தது. அன்றைக்கு முத்துப்பேச்சி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா பீவி ஜான் பொறுமைசாலி. நோன்பு மாசம் என்று தினமும் ஒரு சொம்பு கஞ்சி கொடுத்துவிடுகிறவள். அவளே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டாள்.

"பேச்சி, நான் உன்னைப் புள்ள மாதிரிதான் வச்சிருக்கேன். ஆனா நோன்பு திறக்கிற நேரத்துல பாங்கு காதுல விழ மாட்டேங்குது தாயி. பெருநாளைக்கு முன்னாடி ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும். எம்மேல கோவப்படாத."

"உங்க மேல என்ன கோவம் பீவிம்மா. எந் தலையெழுத்து."

பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. இதை விட்டால் இந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. வெடிக் கம்பெனி விபத்தில் பேர் அடிபட்ட ஆள் என்று ஏற்கெனவே நாலு வாசலில் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

புதன்கிழமை நாய் வேப்பமரத்தை விட்டுத் தெருக்குழாயைப் பார்த்துக் குரைத்தது. இன்னும் பத்தடி கிட்டத்தில். அந்த வழியாக ஆடு பத்திக்கொண்டு போன பெத்தணன் கொஞ்ச நேரம் நின்று அதையே பார்த்தார். நாய் வயிற்றைத் தரையில் பதித்து ஊர்ந்தது. வெறும் இடத்தைச் சுற்றி அரைவட்டம் போட்டு, அந்தப் பக்கம் போய் நின்று, இந்தப் பக்கம் பார்த்துக் குரைத்தது.

"ஏன் அண்ணாச்சி இது இப்படி உசிரை வாங்குது?" என்றாள் முத்துப்பேச்சி.

"இது கோவத்துல குலைக்கலம்மா. மந்தையில ஒரு உருப்படி குறைஞ்சா இப்படித்தான் குலைக்கும். பூரா அடைஞ்சிருச்சின்னா வாயைத் திறக்காது, கிடைவாசல்ல குறுக்கப் படுத்துக்கிடும்." அவர் ஆடுகளைப் பார்த்தார். இருபது ஆடும் தெருவின் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன, குழாய்ப் பக்கம் ஒன்றும் வரவில்லை. "எதையோ ஓட்டிக்கிட்டு வருது தாயி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வெள்ளிக்கிழமை வாசல் கேட். குரைப்பு நின்ற இடைவெளியில் கேட்டின் கொண்டி தானாக ஒரு தடவை மேலே போய்க் கீழே விழுந்தது. காற்றில்லை. தெருவெல்லாம் எப்போதும் இருக்கிற வத்தல் நெடிக்கு அடியில் வேறு ஒரு வாடை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருசம் நாரணாபுரத்தில் வெடி கட்டியவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம். கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்து வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் முடியிலிருந்து போகாத வாடை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள். "ஏங்க, எதுக்கு அது மூணு மூணாக் குலைக்குது?"

சோற்றில் இருந்த அவன் கை நின்றது. கண் மட்டும் பரணுக்குப் போய்விட்டு வந்தது. "நாய்னா குலைக்கத்தான் செய்யும். சோத்தைப் போடு."

"பரண்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல பேச்சி. நீ அங்கன ஏறாத." கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான். அவள் சோற்றைப் போட்டாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருசம் தினமும் போகும், ஏழரைக்கு வரும். மேஸ்திரி வாசற்படிக்குக் கீழே நின்றது. படியைப் பார்த்து மூணு. அவளைப் பார்த்து மூணு. படிக்கும் அதற்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. அந்த இரண்டடியை அது கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. காது வலித்தது. தலை வலித்தது. இன்னும் ஒரு வாரத்தில் வீடு போகும், இந்த மனுசன் பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "என்ன எழவு இருக்குன்னு பார்த்திருதேன்," என்று முக்காலியைப் போட்டு ஏறினாள்.

பழைய பாய்க்குப் பின்னால் ஓர் உரச்சாக்கு. திரிநூலால் வாய் கட்டியிருந்தது. கீழே இறக்கிப் பிரித்தாள். மூணு ஜோடிச் செருப்பு. ஒன்றில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. ஒன்று மஞ்சள் கறை படிந்த நீலச் செருப்பு. இன்னொன்று புத்தம்புதுசு, விலைச் சீட்டுகூட அடியில் உரியாமல் இருந்தது.

ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெடி ரூமுக்குள் செருப்பு போகாது. உரசினால் பொறி வரும். எல்லாரும் வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள். உள்ளே எத்தனை பேர் என்று போர்மேன் தலையை எண்ணமாட்டான், வாசலில் செருப்பைத்தான் எண்ணுவான். இந்த மூணை இவன் எடுத்து ஒளித்தபிறகு, பார்க்க வந்த ஆபீசரும் அதைத்தான் எண்ணியிருப்பார். நாலு ஜோடி.

மருந்துத் தட்டு சுமக்கவில்லை அந்த மூணு பேரும். வெளியிலும் இல்லை. நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"அடப் பாவி மனுசா," என்றாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செத்தவளுடைய செருப்பைக் கொண்டுவந்து நான் சோறாக்குகிற வீட்டுக்குள் வைத்திருக்கிறானே. வீட்டுக்குள் செருப்பு. ஒன்பது வருசப் பழக்கம், ஆறு செருப்பையும் மாரோடு அணைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். விட்டெறியத்தான் போனாள். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. அவள் குனிந்தாள். கை அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக, வார் வெளியே பார்க்க, வரிசையாக வைத்தது. ரூம் வாசலில் வைக்கிற மாதிரியே வைத்தது.

நாய் குரைப்பதை நிறுத்தியது.

பாதிக் குரைப்பில் நின்றது. படியேறி வந்தது. அவளை மூக்கால் முட்டி உள்ளே தள்ளியது. அப்புறம் நிலைப்படிக்குக் குறுக்கே படுத்து, உள்பக்கம் பார்த்துத் தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டது. வால் ஒரு தடவை ஆடியது.

நாற்பது நாளில் இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. பள்ளிவாசல் பாங்கு முழுசாக, ஒரு சொல் விடாமல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பீவி ஜான் சந்தோசமாகக் குரல் கொடுத்தாள். "அல்லா காப்பாத்தினான்! வாயை மூடிட்டானே! பேச்சி, நீ ஒண்ணும் காலி பண்ண வேண்டாம் தாயி, நிம்மதியா இரு!"

பின்னால் சிமெண்டுத் தரையில் வெறுங்கால் நடக்கிற சத்தம். ஒரு ஆள். அடுத்த ஆள். இன்னொரு ஆள். மெதுவாக, பழகின இடத்துக்குப் போகிற மாதிரி. சேலை மடிகிற சத்தம். உட்கார்ந்தார்கள்.

மருந்து வாடை. கண்ணில் நீர் வந்தது.

அப்புறம் காகிதம் சுருட்டுகிற சத்தம். நூல் இழுக்கிற சத்தம். சர்ரக். சர்ரக். பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற சத்தம்.

அவள் வாசலைப் பார்த்து ஓர் எட்டு வைத்தாள். நாய் தலையைத் தூக்கியது. முறைத்தது. அவ்வளவுதான், கால் நகரவில்லை. வாசலில் இருந்த செருப்பு வரிசை அரையிருட்டில் தெரிந்தது. நாலு ஜோடி. அதில் ஒன்று அவளுடையது.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி துள்ளி எழுந்து, சத்தமே இல்லாமல் அவனுக்குப் பின்னால் சுற்றிப் போனது. குதிகாலில் முட்டியது.

"ச்சீ, போ அங்கிட்டு." சண்முகவேலின் குரல். "பேச்சி? என்ன இன்னைக்கு நாய் சத்தத்தையே காணோம்?"

வராதீக. உள்ள வராதீக. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மருந்துத் தூசி தொண்டையில் அடைத்தது.

இருட்டில் அவன் கீழே பார்க்கவில்லை. பழக்கத்தில் செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் விட்டான். படியேறினான். நாய் பின்னாலேயே ஏறி, நிலைப்படியில் படுத்துக்கொண்டது.

"விளக்குகூட ஏத்தாம என்ன செய்யுத? மண்டி வத்தல்ல மூக்கே செத்துப்போச்சு, ஒரு வாடை தெரிய மாட்டேங்குது." சட்டைப் பையில் கை போனது. தீப்பெட்டி குலுங்கியது.

நூல் இழுக்கிற சத்தம் நின்றது.

"வேணாங்க..." என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

குச்சி உரசியது. பற்றியது.

தரையில் மூணு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர் மினுங்கியது. மூணு பேரும் தலை நிமிர்ந்து போர்மேனைப் பார்த்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடம் கரியாக இருந்தது. அப்புறம் ஒருத்தி இடுப்பை அசைத்து நகர்ந்தாள். அடுத்தவள் நகர்ந்தாள். மூணாவது ஆளும் நகர்ந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்து, பக்கத்தில் காலியான தரையைக் கையால் துடைத்துவிட்டார்கள். ரெண்டு பேர் உட்காருகிற இடம். சண்முகவேலின் விரலை நோக்கிக் குச்சி எரிந்துகொண்டே வந்தது. அவன் அதைக் கீழே போடவும் இல்லை, ஊதி அணைக்கவும் இல்லை.