மனமொப்பி

மனமொப்பி என்ற கருவி வந்தபிறகு ஒப்பந்தத்தில் எழுத்துக்கு மதிப்பில்லை. இருவரும் நெற்றியில் வில்லையை ஒட்டிக்கொண்டு பேசவேண்டும். பணம் எவ்வளவு, எப்போது என்று இரண்டு மனமும் ஒன்றையே நினைத்தால் பச்சை விளக்கு, வேறுபட்டால் சிவப்பு. பச்சை எரிந்துவிட்டால் அதுவே சட்டம். 'வேலை முடிந்ததும்' என்பது கோப்பு அனுப்பிய அன்றா, விளம்பரம் வெளியான அன்றா என்ற பழைய சண்டையெல்லாம் ஒழிந்தது என்றார்கள்.

விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கும் ஜெசிந்தா பலமுறை சூடுபட்டவள். விளம்பர வேலை தர வந்த மசாலா கம்பெனி முதலாளி மருதப்பனின் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"முடிச்சுக் குடுத்த மறுநாளே முழுப் பணமும் போட்டுடுறேம்மா," என்றார், நெற்றியில் வில்லையை ஒட்டிக்கொண்டு.

போட்டுக் கிழித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டாள். பச்சை எரிந்தது. கருவியையும் விலைக்கு வாங்கிவிட்டாரோ என்று அதன்மேலும் சந்தேகம் வந்தது.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை. ஒலிக்கலவைக் கருவிக்குத் தவணை கட்டாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது போனால் பிழைப்பே போயிற்று. மனமொப்பி ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும் மதுரைத் தீர்வகத்தில் வழக்குப் போட்டாள். மருதப்பனும் வந்தார். அலுவலர் நசீமா மனமொப்பியின் பதிவைத் திறந்து பார்த்தார்.

"பணம் வராதுன்னு நீங்க உறுதியா நினைச்சிருக்கீங்க. குடுக்க வேண்டாம்னு அவரும் நினைச்சிருக்காரு. ரெண்டும் ஒண்ணுதான். அதான் பச்சை."

"வாய் திறந்து தரேன்னு சொன்னாரே மேடம். அது ஏமாத்து இல்லையா?"

"ஏமாறணும்னா நீங்க நம்பியிருக்கணும்மா."

மருதப்பன் தொண்டையைச் செருமினார்.

"உங்க விளம்பரத்தால சரக்கு நல்லா ஓடுது. அடுத்ததும் நீங்களே பண்ணுங்க. பழைய பாக்கியையும் சேர்த்து இப்பவே தரேன்."

வேறு வழியில்லை. வில்லையை ஒட்டிக்கொண்டாள். தருவார், தருவார் என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஒரு துளிகூட நம்பிக்கை ஊறவில்லை.

சிவப்பு எரிந்தது.

ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. தான் நம்பவில்லை, அப்படியும் இரண்டு மனங்களும் வேறுபட்டிருக்கின்றன என்றால், இந்த ஆள் நிஜமாகவே தரத்தான் நினைத்திருக்கிறார்.

"சார், இன்னொரு தடவை வச்சுப் பாப்போம். இப்ப நம்புறேன்."

தான் தரத்தான் நினைத்தோம் என்று மருதப்பனுக்குத் தெரியும்; அப்படியும் சிவப்பு என்றால் அவள் நம்பவில்லை என்று அவருக்கும் புரிந்துவிட்டது. வில்லையைப் பிய்த்து மேசையில் வைத்தார்.

"என்னைத் திருடன்னு நினைக்கிறவங்களோட எனக்கு எதுக்கும்மா வேலை?" என்றவர், மெய்யாகவே மனம் நொந்து வெளியேறினார்.