பச்சைப் பொட்டலமும் எண்ணூற்று ஐம்பது வாட்ஸும்

பச்சைப் பொட்டலத்தின் ஒரு ஓரம் பெய்ரூவின் கையில் இருந்தது. மறு ஓரம் யாரோ ஒருவன் கையில்.

வெளியே தைபேயின் மே மாத மழை நேற்றிலிருந்து மூச்சு விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சந்தைக்கு எதிரே இருந்த அந்தக் கடையில் மிச்சமிருந்த தேங்காய்ச் சுவை சோளப்பொரி இது ஒன்றுதான். மஞ்சள் பொட்டலம் இருந்தது, சிவப்பும் இருந்தது. ஆனால் அதெல்லாம் வயிற்றுக்கு ஆகும், இயந்திரத்துக்கு ஆகுமா? இந்த ஊரில் லிஃப்டிலிருந்து ரயில் டிக்கெட் இயந்திரம் வரை எல்லாவற்றின் தலையிலும் இந்தப் பச்சைப் பொட்டலம்தான் உட்கார்ந்திருக்கும். பச்சை இருந்தால் இயந்திரம் பழுதாகாமல் சொன்ன பேச்சு கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. மஞ்சளை வைத்துவிட்டு யார் அவஸ்தைப்படுவது?

“நான்தான் முதல்ல எடுத்தேன்” என்றாள் பெய்ரூ.

“நான்தான் முதல்ல பார்த்தேன்” என்றான் அவன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதற்குக் கீழே, சிரிப்பை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி இரண்டு கண்கள். சே, சண்டை போடும்போது இப்படிப்பட்ட கண்களோடு வரலாமா ஒருத்தன்? அவள் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யார் உதவியும் இல்லாமல், விளையாட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கப்போவதாகவும் அதற்கு இது கட்டாயம் வேண்டும் என்றும் படபடவென்று சொல்லித் தீர்த்தாள்.

அவன் கையை எடுத்துவிட்டான். “முதல் கம்ப்யூட்டரா? அப்ப நீங்களே வெச்சுக்கோங்க. எப்படியும் அழுவீங்க.”

திமிரைப் பார் என்று முனகிக்கொண்டே சாலையைக் கடந்து சந்தையின் மூன்றாம் மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை விற்கும் கடையின் மேசைக்குப் பின்னால்... அதே கண்கள். சட்டையில் காய்வென் என்று பெயர் குத்தியிருந்தது.

போச்சுடா என்று இருந்தது அவளுக்கு.

என்ன கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டான். சொன்னாள். ஐநூற்று ஐம்பது வாட்ஸ் போதுமே என்றும் சேர்த்துக்கொண்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கார்டு விளையாட்டு சூடு பிடித்ததும் பசி வந்த பிள்ளை மாதிரி கரண்ட்டை இழுக்கும், எண்ணூற்று ஐம்பதுக்குக் குறையக் கூடாது என்றான். இரண்டு பவர் சப்ளைகளை எடுத்து அவளுடைய இரண்டு கையிலும் வைத்தான். எண்ணூற்று ஐம்பதைத் தாங்கிய வலது கை தொப்பென்று இறங்கியது. நல்லது கனமாக இருக்கும், அட்டையில் எழுதியதை விடக் கை சொல்வதைக் கேளுங்கள் என்றான்.

பழி வாங்குகிறான்! பொட்டலம் போன கோபத்தை விலையில் தீர்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள் பெய்ரூ.

“நான் பல் டாக்டர்கிட்ட நர்ஸா இருக்கேன்” என்றாள். “லேசா கூசுதுன்னு வந்தவங்களை முழுப் பல் செட்டு வரைக்கும் கொண்டுபோற பேச்செல்லாம் எனக்குத் தெரியும். அந்த லேசானதையே குடுங்க.”

அவன் அதையே பெட்டியில் போட்டான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கேட்டான்.

“வெளிப்பெட்டி. அப்புறம் ஹார்ட் டிஸ்க். அதுல அம்மா இருக்காங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா போய் நான்கு வருஷம். மாவுக்குள் பூரணம் வைத்து டம்ப்ளிங் மடிக்கச் சொல்லித்தந்தது, சுருதி விலகிப் பாடியது, திட்டியது எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் வீடியோவாக இருந்தன. வேறு எங்கும் இல்லை. இதையெல்லாம் இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு ஓடாத குறையாக இறங்கினாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பின்னால் குரல். “மேடம், நில்லுங்க... கொஞ்சம் நில்லுங்க...” குடை கூட இல்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தான். பொட்டலத்துக்குத்தான் வருகிறான் என்று அதை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தால், நடுத்தெருவில் தொப்பலாக நனைந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய பவர் சப்ளையைக் கழற்றினாள். அதன் ஒயர்கள் பெட்டிக்குள் அழகாகக் கட்டப்பட்டு டிஸ்க் வரை போயிருந்தன. அதைப் போய் யார் பிரிப்பது? அப்படியே விட்டு, மறு நுனியைப் புதிய பவர் சப்ளையில் சொருகினாள். சமத்தாகப் பொருந்தியது. பச்சைப் பொட்டலத்தை மேலே வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஸ்விட்சில் விரலை வைத்தபோது பொட்டலத்தின் தேதி கண்ணில் பட்டது.

நேற்றோடு முடிந்திருந்தது.

சூடு பட்ட மாதிரி விரலை இழுத்துக்கொண்டாள். தேதி போன பொட்டலம், பொட்டலமே இல்லாததை விட மோசம். அது இயந்திரத்தைக் கெடுக்கும். அக்கம்பக்கத்து ஐந்து கடையிலும் பச்சை இல்லை. எந்த ஆபீசிலோ சர்வர் மாற்றுகிறார்களாம், மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சைக்காக இவ்வளவு அலைகிற இன்னொருவனை அவளுக்குத் தெரியும். மானத்தை மழைக்கோட்டோடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு மூன்றாம் மாடி ஏறினாள்.

அவளைப் பார்த்ததும் காய்வென் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

“ஆன் பண்ணிட்டீங்களா?”

“இல்ல. பொட்டலம் தேதி முடிஞ்சுபோச்சு...”

“பழைய ஒயரையே சொருகியிருக்கீங்களா?”

“ஆமா. ஏன்?”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். வேறு பவர் சப்ளையின் ஒயரும் சில சமயம் ஒழுங்காகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். ஆன் செய்திருந்தால் டிஸ்க் அந்த நொடியே கருகியிருக்கும்.

பெய்ரூ தன் விரலையே பார்த்தாள். ஒரு விரல்... ஒரு விரல் அழுத்தியிருந்தால் அம்மா இன்னொரு தடவை போயிருப்பாள்.

“இதைச் சொல்லத்தான் நேத்து ஓடி வந்தேன்” என்றான். “உங்க பேரு தெரியாது, நம்பரும் இல்ல. நர்ஸுன்னு சொன்னீங்களே, அதனால சாயங்காலம் பூரா இருபத்து மூணு பல் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். ஒரு இடத்துல எனக்குப் பல் பிடுங்க நேரமே குறிச்சுட்டாங்க. செவ்வாய்க்கிழமை, மூணு மணி.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தன அவளுக்கு. “நான்... நீங்க பொட்டலத்துக்கு ஓடி வர்றீங்கன்னு நினைச்சேன்.”

“சோளப்பொரிக்கா மழையில ஓடுவாங்க?”

“பச்சையா இருந்தா ஓடுவாங்க.”

அவன் யோசித்தான். “ஆமா, ஓடுவாங்க” என்று ஒப்புக்கொண்டான்.

அந்தக் கனமானதையே கொடுங்கள் என்றாள் பெய்ரூ, தலையைக் குனிந்துகொண்டு. வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பழைய ஒயரையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, புதிய பெட்டியில் வந்த ஒயரை அவன் காட்டிக் கொடுக்க, அவளேதான் சொருகினாள். விசிறி சுழன்றது. திரை விழித்தது. டிஸ்க்கைத் திறந்ததும், மூக்கில் மாவோடு அம்மா.

“பெய்ரூ, அந்தக் கேமராவை வெச்சுட்டுக் கையைக் கழுவிட்டு வாடி.”

அவள் அழுது முடிக்கும்வரை காய்வென் திரும்பி நின்று, ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பச்சைப் பொட்டலத்தை எடுத்தான். விடியற்காலையில் மொத்த வியாபாரியிடம் போய் வாங்கினானாம். ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் வைத்தான்.

“இது நவம்பர் வரைக்கும் வரும்” என்றான், அவளைப் பார்க்காமல். “அப்புறம் மாத்தணும். அடுத்த மே மாசம் மறுபடியும். நானே வந்து மாத்தட்டுமா?”

“எத்தனை வருஷத்துக்கு?”

“பவர் சப்ளைக்குப் பத்து வருஷ உத்தரவாதம்.”

“உங்களுக்கு?”

மழை சன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவன் காது சிவந்துபோனது. “எனக்குத் தேதியே போடலை” என்றான்.

பெய்ரூ இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். எழுதுவதற்கென்று விட்டிருந்த வெள்ளை இடத்தில் ஏதோ எழுதி, எட்டி, அவன் தலைமேல் வைத்தாள்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“ஒழுங்கா, பழுதாகாம, என்கூடவே இருன்னு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நேத்து அந்தக் கடையிலேயே பிடிச்சுப்போச்சு.”

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து, நல்ல பவர் சப்ளை எது என்று கேட்டார். காய்வென் கனமானதைக் கையால் காட்டினான். தலையை மட்டும் அசைக்கவே இல்லை.