பெயர்ச்சீட்டு இல்லாத கோப்புகள்

இல்வாவுக்கு வயது பதினொன்று. கண்ணில் படும் எழுத்து எதுவாயினும் கடைசி வரி வரை படித்துவிடுவது அவளுடைய வழக்கம். பால் பெட்டியின் அடியில் இருக்கும் பொடி எழுத்தையும் விடமாட்டாள். மாடிப்படியருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் விடமாட்டாள். நிறுத்தத்தில் இருந்த விளம்பரத்தை முழுவதும் படித்துக்கொண்டு நின்று, ஏறவேண்டிய பேருந்தைத் தவறவிட்டதும் உண்டு.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் அவள் வசித்தாள். பள்ளியின் வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்தாள்.

நார்வேயின் தேசிய நாளான மே பதினேழாம் தேதி ஊர்வலம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஐந்து சுரங்கள் மட்டுமே தெரியும்.

"அஞ்சு சுரத்துல வாசிக்கிற மாதிரி யாராவது பாட்டை எழுதிக் குடுத்தா, குட்டிகளும் நம்மளோட நடக்கலாம்" என்று குழுவை நடத்தும் போதில் என்பவர் சொன்னார். "ஆனா திங்கட்கிழமை ஒத்திகைக்கு அது கையில இருக்கணும். இல்லேன்னா இந்த வருஷம் ஓரமா நின்னு கொடி ஆட்டட்டும்."

இல்வா கையை உயர்த்தினாள். அன்றுமுதல் மாலைதோறும் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு வாத்தியத்திற்கும் தனித்தனியாக எழுதினாள். வெள்ளிக்கிழமை எழுதி முடித்தாள். அச்சிடுவது மட்டுமே பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை கணினியைத் திறந்து, மென்பொருளின் படத்தை அழுத்தினாள். மென்பொருள் திறக்கவில்லை. சிறிய சாம்பல்நிறப் பெட்டி ஒன்று தோன்றியது.

"இதைத் தொடங்க இயலவில்லை. தேவையான கோப்பு ஒன்று காணப்படவில்லை" என்று முதல் வரி சொன்னது.

இரண்டாம் வரியைப் படிக்குமுன் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பெட்டியை மூடிவிட்டது. அது அப்பா தூர்கெயரின் கை. மற்றொரு கையில் காப்பிக் குவளை இருந்தது.

"ம்ம். மறுபடியும் கேம் போட்டியா?"

"இல்லப்பா!"

"போன வருஷம் அந்தக் குதிரை கேம் போட்டப்போவும் இப்படித்தான் ஆச்சு."

"அப்போ கம்ப்யூட்டர் மெதுவாத்தான் ஓடுச்சு. அந்தக் கேமையும் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்!"

"சரி சரி, கத்தாதே. செவ்வாய்க்கிழமை கடைக்குக் கொண்டு போறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

"செவ்வாய்க்கிழமையா? நாளைக்கு ஒத்திகை!"

"அதை நீ கேம் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று கூறிவிட்டு, அப்பா குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

இல்வாவுக்கு நெஞ்சு கொதித்தது. செய்த தவறுக்குத் திட்டு வாங்கினால் அழுகை வரும். செய்யாத தவறுக்குத் திட்டு வாங்கினால் அழுகைகூட வருவதில்லை, காதுதான் சுடுகிறது.

சற்று நேரத்தில் கதவு தட்டும் ஓசை கேட்டது. கீழ்வீட்டு எஸ்கில் நின்றிருந்தான். அவனுக்கு வயது ஏழு; குழுவில் புதிதாகச் சேர்ந்த குட்டிகளில் ஒருவன். குழுவின் சீருடைத் தொப்பி அவன் மூக்குவரை இறங்கியிருந்தது.

"இல்வா, தொப்பி வந்துடுச்சு! பாரு, பாரு!"

"நீ எங்கடா இருக்கே? தொப்பிதான் தெரியுது."

எஸ்கில் தொப்பியைத் தூக்கிப் பிடித்தான். அவன் முகம் வாடியிருந்தது.

"நீ கேம் போட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டியாமே? உங்கப்பா எங்கம்மாகிட்ட சொன்னாரு. அப்போ நாங்க ஊர்வலத்துல நடக்க முடியாதா?"

இல்வா குனிந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"நடப்பே. சாயங்காலம் உன் மியூசிக் நோட்டோட வரேன். நான் எதையும் கெடுக்கல" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் தொப்பியை மறுபடியும் மூக்கில் விட்டுக்கொண்டு, சுவரைத் தடவியபடியே படியிறங்கினான்.

இல்வா திரும்பி வந்தபோது, கணினியின் முன்னால் அவளுடைய அண்ணன் சிந்த்ரே உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பதினைந்து வயது. எந்த வேலையையும் அரை நிமிடத்தில் முடிக்கவேண்டும் அவனுக்கு.

"ஒரு ஃபைல்தானே காணோம்? அந்த ஒரு ஃபைலை மட்டும் இலவசமாத் தர்ற சைட்டு ஆயிரம் இருக்கு. இங்க பாரு."

திரையில் ஒரு பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. "உங்கள் கணினியில் 312 பிழைகள்! உடனே அழுத்துக!"

"நிறுத்து!" என்றாள் இல்வா. "நம்ம கம்ப்யூட்டரை அது இன்னும் பாக்கவே இல்லையே. முன்னூத்திப் பன்னிரண்டுன்னு எப்படி எண்ணுச்சு?"

"எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க."

"ரோட்டுல ஒரு டிரம்பெட் ஊதுமுனை கிடக்குது. யார் எச்சில்னு தெரியாது. எடுத்து வாயில வெப்பியா?"

"ச்சீ!"

"இதுவும் அதுதான். மூடு அதை."

சிந்த்ரே முகத்தைச் சுளித்துக்கொண்டே மூடினான். இல்வா நாற்காலியில் உட்கார்ந்து, மென்பொருளின் படத்தை மீண்டும் அழுத்தினாள். சாம்பல்நிறப் பெட்டி வந்தது. இம்முறை மூடுவதற்கு யாரையும் அவள் விடவில்லை.

இரண்டாம் வரி இருந்தது. "மென்பொருளை மீண்டும் நிறுவினால் இச்சிக்கல் தீரக்கூடும்."

"என்ன செய்யணும்னு அதுவே சொல்லியிருக்கு! வீட்ல ஒருத்தராவது இதைப் படிச்சீங்களா?" என்று இல்வா கத்தினாள்.

அப்போது அப்பா காப்பிக் குவளையோடு உள்ளே வந்தார். "என்ன சத்தம்?"

"அப்பா, எஸ்கில் அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"குப்பை போடப் போனேன். எதிர்ல வந்தாங்க. ஏதோ பேச்சுவாக்குல..."

"சரி, ஒண்ணு கேக்கறேன். வெள்ளிக்கிழமை இது நல்லா ஓடுச்சு. இன்னைக்கு ஓடல. நடுவுல யார் இதுல உக்காந்தா?"

"நானில்ல" என்றான் சிந்த்ரே. "நேத்து பூரா கால்பந்து."

அப்பா காப்பியை ஒரு வாய் குடித்தார். "நான் கொஞ்ச நேரம் உக்காந்தேன். ஆனா எதையும் கெடுக்கலயே! சுத்தம்தான் பண்ணினேன்."

"சுத்தமா?"

"நேத்து குடியிருப்புல துப்புரவு நாள் இல்லையா? சைக்கிள் அறையைக் காலி பண்ணினோம். லாரி நிறைய குப்பை போச்சு! அந்த உற்சாகத்துல வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரையும் பண்ணிடலாம்னு..."

"எதை வெச்சு எது குப்பைன்னு முடிவு பண்ணினீங்க?"

"சைக்கிள் அறையில இருக்கிற அதே விதிதான்" என்று அப்பா பெருமையுடன் சொன்னார். "பெயர்ச்சீட்டு கட்டியிருந்தா இருக்கட்டும். இல்லேன்னா லாரிக்கு. இதுலயும் பாத்தேன். என் பேர், அம்மா பேர், உங்க பேர் இருக்கிறதையெல்லாம் வெச்சுக்கிட்டேன். வாயில நுழையாத பேரா, எழுத்தும் நம்பருமா கொஞ்சம் ஃபைல் இருந்துச்சு. யாரோடதுன்னே தெரியல. தூக்கிட்டேன்."

சிந்த்ரே மெல்லத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அது கம்ப்யூட்டரோடது அப்பா" என்றாள் இல்வா.

அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது. "ஆனா... அதுவே கேட்டுச்சே. 'நிச்சயமா அழிக்கணுமா'ன்னு கேட்டுச்சு. நிச்சயம்னேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. குடுத்தேன். குப்பைத்தொட்டியைக் காலி பண்றப்போ மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் நிச்சயம்னேன்."

இல்வா எழுந்து நின்றாள்.

"அது உங்ககிட்ட மூணு தடவை கேட்டிருக்கு! எங்கிட்ட நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா, 'நிச்சயமா நீதான் பண்ணினியா'ன்னு?"

"'மறுபடியும் கேம் போட்டியா'ன்னு கேட்டேனே..."

"அது கேள்வியா? இல்லேன்னு சொன்னேன். நீங்க கீழ போயி ஊருக்கே சொல்லிட்டீங்க! எஸ்கில் வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்!"

அப்பா குவளையைக் கீழே வைத்தார்.

"இப்போ என்னம்மா செய்யறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உக்காருங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு. ஆனா நான் சொல்றதை மட்டும்தான் அழுத்தணும்."

முதலில் இல்வா தன் இசைக்குறிப்புகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள். அப்பா சொன்னது உண்மைதான். துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

"லாரி போயிடுச்சு" என்றான் சிந்த்ரே.

அப்பா அவனை முறைத்தார்.

கணினி தன்னுடைய கோப்புகளைத் தானே சரிபார்த்து, பழுதானவற்றைத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதற்கான கட்டளையை, கணினியைத் தயாரித்தவர்களின் உதவிப் பக்கத்தில் இல்வா கண்டுபிடித்தாள். அதைக் கடைசி வரி வரை படித்தாள். அப்பா பொறுமையிழந்து விரலால் மேசையைத் தட்டினார்.

"தட்டாதீங்க."

"சரிம்மா."

சோதனை நெடுநேரம் நடந்தது. சிந்த்ரே வாஃபிள் என்னும் கட்டம்போட்ட அப்பம் சுட்டுக் கொண்டுவந்தான். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து இருவரும் தின்றார்கள். இல்வா தொடவில்லை, கோபமாக இருக்கும்போது அவளுக்கு வாஃபிள் இறங்காது.

சோதனை முடிந்தது. பழுதான சில கோப்புகள் திருத்தப்பட்டன என்று செய்தி வந்தது. அடுத்து, இசை மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தின் முகவரியை இல்வா எழுத்தெழுத்தாகத் தட்டினாள். அங்கிருந்து எடுத்து, அதை மீண்டும் நிறுவினாள். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாள்.

மூவரும் திரையையே பார்த்தார்கள்.

சாம்பல்நிறப் பெட்டி வரவில்லை. மென்பொருள் திறந்தது. அவள் எழுதிய பாட்டு, ஐந்து சுரங்களோடு அப்படியே இருந்தது. அச்சுப்பொறி உறுமிக்கொண்டு முதல் தாளை வெளியே தள்ளியது.

"அப்பாடா!" என்று அப்பா பெருமூச்சு விட்டார். "தப்பு என்னோடதுதான் இல்வா. மன்னிச்சுடு. உன்னைக் கேக்காம உம்மேல பழி போட்டது பெரிய தப்பு."

"ம்."

"நோட்டைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா. எஸ்கில் அம்மாவை நான் இன்னொரு நாள் படிக்கட்டுல பாக்கறப்போ விஷயத்தைச் சொல்லிடறேன்."

இல்வா தாள்களை அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சமன் செய்தாள். பிறகு அப்பாவின் காலணிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு பேரும் இப்பவே சேர்ந்து போறோம்" என்று அமைதியாகச் சொன்னாள். "முதல்ல நீங்க பேசுங்க. அதுக்கப்புறம் நான் நோட்டைக் குடுக்கறேன்."