இறுகாத சட்டை

வேலூரில் இப்போது சாப்பிட்டாச்சா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சட்டை இறுகிடுச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

உருகுச்சட்டையின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மெழுகுப் பைகள். மெழுகு உருகி முடிகிற வரை உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆள் குளுகுளுவென்று இருப்பார். முடிந்துவிட்டால் அது மூன்று கிலோ வீண் சுமை. இரவு கொடியில் போட்டால், வாங்கியதைக் காற்றில் விட்டு மறுபடி இறுகும்.

பொற்கொடி போக்குவரத்துக் காவலர். பத்து மணி முதல் ஒரு மணி வரை சிக்னலில் நிற்பாள். அவள் சட்டை பன்னிரண்டுக்கே கைவிட்டுவிடும். ஒரு சித்திரையில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். அவள் கணவன் தணிகைவேலுக்கோ ஆய்வகத்தில் மெழுகின் வெப்பக் கொள்ளளவை அளக்கும் வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்காக மூன்று வருடம் அளந்தான். பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம். வாயால் சொல்லத்தான் வராது.

ஒரு குழாயில் தண்ணீர், இன்னொன்றில் மெழுகு. இரண்டையும் ஒரே அளவு சூடாக்கி ஆற விடுவான். தண்ணீர் விடும் சூடு தெரிந்த கணக்கு. மெழுகு எவ்வளவு நேரம் ஆறாமல் அடம் பிடிக்கிறதோ அவ்வளவு கொள்ளளவு. பழைய மெழுகு கிராமுக்கு இருநூற்று நாற்பது ஜூல். கடைசியில் ஓர் உப்புக் கலவை முந்நூற்று அறுபது காட்டியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

ஆய்வகத்திலேயே இறுகி வந்த புதுச் சட்டையோடு முதல் நாள் ஒரு மணி வரை பொற்கொடி சிரித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் பத்தரைக்கே தலை சுற்றி, நிழற்குடைக்குள் உட்கார்ந்துவிட்டாள். சட்டை இரவெல்லாம் இறுகவே இல்லை. பழைய மெழுகு முப்பத்திரண்டு டிகிரியில் இறுகும். இந்த உப்புக்கு இருபத்தெட்டு வேண்டும். வேலூரின் மே மாத இரவு முப்பத்தொன்று. நம் ஆள் அளந்த அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

தணிகைவேல் அவள் முன்னால் தலை குனிந்து நின்றான். எவ்வளவு வாங்கும் என்று பார்த்தேனே தவிர, எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்கவில்லை என்றான்.

காவல்துறை முந்நூற்று அறுபது என்ற எண்ணை மட்டும் பார்த்து, எல்லாக் காவலருக்கும் புதுச் சட்டை கொடுத்தது. சிக்னலை ஒட்டி, சட்டைகளைக் குளிரவைத்து இறுக்க ஓர் இறுக்கறை கட்டினார்கள். நகரத்துக் காவலர்களின் சட்டைகள் அதற்குள் இரவும் பகலும் முறை வைத்து இறுகின. சட்டைகள் விட்ட சூட்டோடு தன் மோட்டார் சூட்டையும் சேர்த்து அதன் இயந்திரம் வெளியே ஊதியது, நேராகப் பொற்கொடி நிற்கும் இடத்துக்கு. நாற்பத்து மூன்றாக இருந்த சிக்னல் நாற்பத்தேழானது. புதுச் சட்டையும் பன்னிரண்டுக்கே உருகி முடிந்தது.

தணிகைவேல் ஓடி வந்தான். நானூறு தாங்கும் உப்பு ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் கொடு என்றான்.

பொற்கொடி ஒரு லாரியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "நானூறு வாங்கினா நானூறையும் அந்த மெஷின் எம்மேலதாங்க ஊதும்."

அவள் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தாள்.

"அடுத்த தபா ஏசி ரூம்ல அளக்காதீங்க. இங்க வந்து என் பக்கத்துல நின்னு அளங்க."

மறுநாள் பத்து மணிக்கு அவன் இரண்டு குழாய்களோடு வந்து நின்றான். ஒரு மணி வரை நின்றும் அந்த நாற்பத்தேழு டிகிரியில் எதுவும் ஆறவில்லை. குறிப்பேட்டில் எழுத அவனுக்கு ஓர் எண்கூடக் கிடைக்கவில்லை.